புலியும் பாவையும்

திருக்குறளில் மரப்பாவை இரண்டு இடங்களில் உவமையாக வருகின்றது. ஒன்று நாணுடைமை அதிகாரத்தில். மற்றொன்று இரவு அதிகாரத்தில். முன்னதில் அது கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்குவது. பின்னதில் வெறுமனே சென்று வருவது. இரண்டிடத்தும் பாவை உயிரின்மைக்கே அடையாளம். தமிழாசிரியர்கள் வகுப்பறையில் பலகால் விளக்கியுள்ள இவ்வுவமைகளை நினைவிற்கொண்டு, சிங்கப்பூர்க் கலைஞர் ஹோ ட்ஸு நியெனின் காணொளிப் படைப்பொன்றை நோக்கினால் ஒரு வினா எழுகின்றது: பாவையை இயக்கும் கையையும் காண்பவர் கண்ணுக்குப் புலப்படுத்தினால் என்ன ஆகும்?

'ஒன்று அல்லது பல புலிகள்' என்னும் பொருள்படும் பெயருடைய அப்படைப்பு 2017ஆம் ஆண்டில் உருவானது. 2023 நவம்பரில் தஞ்சோங் பகாரில் உள்ள சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தில் தொடங்கிய அவருடைய பெருங்கண்காட்சியின் பெயரிலும் புலி இடம்பெற்றிருந்தது. கணினியால் ஆக்கப்பட்ட புலி ஒன்றும் மனிதன் ஒருவனும் எதிரெதிர்த் திரைகளில் பாடுகின்றனர். எடையற்றவர்போல் வெளியில் மிதக்கின்றனர். வாயாங் கூலிட் என்னும் தோற்பாவைகளும் அப்படைப்பின் உறுப்புகளாகும்.

இதற்கு மூலம் ஒரு பழைய அச்சுப்படம். 1835இல் சிங்கப்பூர்க் காட்டில் நிலம் அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் கோல்மனின் குழுவினர்மீது புலி பாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, தியோடலைட் என்னும் அளவைக் கருவிதான் உடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைன்ரிக் லாய்ட்டமான் என்னும் ஜெர்மானியர் இந்நிகழ்ச்சியைப் படமாக்கினார். புதரினின்று புலி பாய்கின்றது, கருவி சாய்கின்றது, கோல்மன் நிலைகுலைகின்றார், சுற்றிலும் இந்தியக் கைதிகள் அஞ்சிச் சிதறுகின்றனர்.

அக்கைதிகள் யாவர்? 1825இல் பென்கூலனிலிருந்து முதற்குழுவினர் இங்குக் கொணரப்பட்டனர். பின்னர்ச் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1873இல் எஞ்சியோர் அந்தமானுக்கு மாற்றப்படும்வரை இந்நகரின் சாலைகளை அமைத்தவர்கள் இவர்களே. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா என வழங்கும் மாளிகையும் இவர்கள் உழைப்பால் எழுந்தவை. தேவாலயச் சுவர்களுக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து பூசிய சென்னைச் சாந்து இவர்கள் கைவண்ணம். கோல்மனுக்குத் தெருவும் பாலமும் உண்டு. கைதிகளின் பெயர்கள் ஏட்டளவில் நின்றுவிட்டன.

ஹோவின் படைப்பு இவ்வரலாற்றை அறியாததன்று. அப்பழம்படத்தை அவர் எடுத்தாண்டதே அதற்குச் சான்று. மலாய் மக்களின் வேங்கை மனிதன் நம்பிக்கையையும் அவர் ஆழ்ந்து கற்றவர். ஆயினும் அரங்கை விட்டு வெளியே வருபவர் நெஞ்சில் எஞ்சுவன இரண்டு குரல்களே: புலியின் குரல், கோல்மனின் குரல். தாக்கியதும் தாக்கப்பட்டவனும் காப்பியத் தலைவர்களாகிவிடுகின்றனர். சூழநின்றவன் சூழநின்றவனாகவே இருக்கின்றான். கணினியின் பேரெழில் இதற்கு ஒரு காரணம் எனலாம்; அது எங்கு ஒளி பாய்ச்சுகின்றதோ அங்கேயே கண் தங்கிவிடுகின்றது.

இப்படைப்பைப் பொம்மைகளைக் கொண்டு மீண்டும் ஆக்கிப் பார்ப்பது இங்குதான் பயன்படும். ஸ்டாப் மோஷன் எனப்படும் முறையில் பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என எடுத்துச் சேர்ப்பர். நொடிக்குப் பன்னிரண்டு படம் எனக் கொண்டால் ஒரு நிமிடக் காட்சிக்கு 720 படங்கள் வேண்டும். இக்கலை நமக்குப் புதிதன்று. தாதாசாகெப் பால்கே 1910களிலேயே தீக்குச்சிகளை இவ்வாறு ஆடச் செய்தார்.

இம்முறைக்கு இரக்கமற்ற நேர்மை ஒன்று உண்டு. நகர்த்தப்படாத பொம்மை செத்த பொம்மை. காண்பவர் அதனை நொடியில் கண்டுகொள்வர். புலி பாயும்பொழுது பின்னால் நிற்கும் கைதிப் பொம்மை அசையாதிருந்தால் காட்சி கெடும். ஆகவே புலிக்கு எத்தனை முறை கைபட வேண்டுமோ அத்தனை முறை கைதிக்கும் கைபட வேண்டும். அவன் எங்கே பார்க்கின்றான்? ஓடுகின்றானா, கோல்மனைத் தாங்க முன்வருகின்றானா? காலில் விலங்கிருந்தால் எப்படி ஓடுவான்? கைதிகளுள்ளேயே சிலர் காவலர்களாக அமர்த்தப்பட்டிருந்தனரே, அவன் அவர்களுள் ஒருவனா? ஓவியன் 'கூட்டம்' என்று தீட்டிக் கடந்துவிடலாம். பொம்மையை நகர்த்துபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

விளையாட்டுப் பொருளால் துயரத்தைச் சொல்வது துயரத்தைச் சிறுமைப்படுத்தாதா என்று சிலர் வினவுவர். 1987இல் அமெரிக்க இயக்குநர் டாட் ஹெய்ன்ஸ், உணவை மறுத்து நலிந்து மாண்ட கரேன் கார்ப்பென்டர் என்னும் பாடகியின் வாழ்வைப் பார்பி பொம்மைகளைக் கொண்டே படமாக்கினார். பாடகி மெலிய மெலியப் பொம்மையின் உடலும் செதுக்கிக் குறைக்கப்பட்டது. அதைக் கண்டவர் எவரும் சிரித்திருக்க இயலாது.

இழப்பும் உண்டு என்பதை மறைத்தலாகாது. ஹோவின் புலி மிதக்கும் அந்த மயக்கம் பொம்மைக்கு வாராது. நெகிழிப் புலி மேசையில் நிற்கும் பொருளாகவே இருக்கும். இசையின் கனமும் குறையும். எனவே இது மூலத்துக்கு மாற்றன்று. மூலத்துக்கு எழுதப்படும் உரை. பரிமேலழகர் உரை குறளாகிவிடாது. அது காட்டும் இடங்களை வெறும் குறளில் நாம் விரைந்து கடந்துவிடுவோம், அவ்வளவே.

பொம்மைகளுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நவராத்திரி நெருங்கும்பொழுது சிராங்கூன் சாலையைச் சுற்றிய கடைகளில் கொலுப் பொம்மைகள் கிடைக்கும். ஆனால் அவற்றின் கைகால்கள் மடங்கா. களிமண்ணாலோ கம்பியாலோ மாணவரே செய்துகொள்வது நன்று. செய்யும்பொழுதே எத்தனை கைதிகள், எவ்வுடை, எம்முகம் என்று தேட நேரும். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒருமுறை சென்றுவருவதும் தக்கது.

கடைசிக் காட்சி ஒன்று அச்சுப்படத்தில் இல்லை. ஆனால் நடந்திருக்க வேண்டும். புலி காட்டுக்குள் மறைந்துவிட்டது. கருவி உடைந்து கிடக்கின்றது. யாரோ ஒருவர் குனிந்து அம்முக்காலியை எடுத்து நிறுத்தியிருப்பார். எந்தப் பொம்மை குனிய வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்ய வேண்டும். குனிந்து நிமிர்வதற்கு ஏறத்தாழ நாற்பது படங்கள் பிடிக்கும்.