கிழித்தெறிந்த தாள்கள்

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. அந்த 70ல், எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவதற்கு 25, தானாக அமைத்துத் தீட்டும் ஓவியத்துக்கு 25. மீதி 20 போர்ட்ஃபோலியோ என்கிற தொகுப்புக்கு. வருஷம் முழுவதும் மாணவன் செய்தவற்றிலிருந்து தேர்ந்து கட்டிய ஃபைல் அது. இந்த 20லும் பாதி, முதல் கிறுக்கலிலிருந்து முடிந்த ஓவியம்வரை அவன் வந்த வழியின் பதிவுக்கு.

பாடத்திட்டங்களைப் படித்துப் பரவசப்படுகிறவன் நான் இல்லை. ஆனால் இந்த ஒரு விதியில் இருக்கும் விமர்சனப் பிரக்ஞை, நம் பத்திரிகைகளில் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதப்படுகிற பத்திகளில் கிடையாது. அவை சுவரில் தொங்குவதைப் பார்த்து 'வண்ணக் கலவை அருமை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்த விதியோ, எப்படி இங்கே வந்து சேர்ந்தாய் என்று கேட்கிறது. நூற்றில் பத்து சில்லறைதான். இருந்தாலும், ஒரு பையனின் தயக்கத்துக்கும், தப்பிய கோட்டுக்கும், மறுபடி முயன்றதற்கும் மதிப்பெண் உண்டு என்று எழுதிவைத்த இடம் பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் வேறு எங்கே இருக்கிறது? கணக்கில் வழிமுறைக்கு மதிப்பெண் போடுகிறார்கள், வாஸ்தவம். அங்கேயும் வழிமுறை சரியாக இருந்தாக வேண்டும்.

இந்தப் பத்து மதிப்பெண்ணை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் பிரச்னை.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் நண்பர் கேட்டுக்கொண்டதன் பேரில், இரண்டு வருஷங்களாக அவருடைய பன்னிரண்டாம் வகுப்பு ஃபைல்களைப் பார்த்து வருகிறேன். வெளிப் பள்ளிகளின் ஃபைல்கள் சிலவும் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு. முதலில் பென்சிலில் ஒரு கோட்டுருவம், அடுத்து நிழலிட்டது, பிறகு ஒற்றை வண்ணத்தில் ஒன்று, கடைசியில் முடிந்த ஓவியம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கையும் வரிசையாகத் தரையில் பரப்பி வைத்தால் விஷயம் புரிந்துவிடும். முதல் கோட்டுருவத்திலேயே குடத்தின் கழுத்து முடிந்த ஓவியத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது. ஒரு மயிரிழை நகரவில்லை. துணியின் மடிப்பு ஏழு என்றால் முதல் தாளிலேயே ஏழு. பையன் முதலில் ஓவியத்தை முடித்திருக்கிறான். பிறகு அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து, தன் 'தொடக்க'த்தை நகலெடுத்திருக்கிறான்.

அச்சான கவிதையைப் பார்த்து அதற்கு நாலு அடித்தல் திருத்தல் பிரதிகளைப் பிறகு தயாரிக்கிற கவிஞனை நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வரும். ஓவிய விஷயத்தில் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இது பித்தலாட்டம் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. ஃபைல் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பையன்களைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் இந்தச் சுத்தம் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியின் ஆரம்பம் அது. தொழிலுக்கு உதவும் திருத்தமான கைகளை உண்டாக்குவதுதான் அன்றைய அக்கறை. அந்தக் கல்லூரி பிற்பாடு ராய் சௌத்ரியையும் பணிக்கரையும் கண்டு எங்கேயோ போய்விட்டது. பள்ளிக்கூடம் மட்டும் ஹண்டர் காலத்திலேயே நின்றுவிட்டது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு படி. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங். இவற்றைத் தேறி வந்தவர்கள்தான் பெருவாரியாக நம் டிராயிங் மாஸ்டர்கள். நடுக்கோடு போட்டு, இடமும் வலமும் ஒத்துவரும் ஜாடியை வரைந்து பழகிய கை, பையனின் கோணல் ஜாடியைப் பார்த்தால் முதலில் ரப்பரைத்தான் தேடும்.

மாஸ்டரின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். 2012ல் தமிழக அரசு தன் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் சேர்த்து. வாரத்தில் மூன்று அரை நாள், மாசம் 5,000 ரூபாய். ஒரு சமூகம் கண்ணுக்கு என்ன விலை வைக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விமர்சனக் கட்டுரை எழுத முடியாது. சம்பளம் பின்னால் கொஞ்சம் கூடியது, மதிப்பு கூடவில்லை. தனியார் பள்ளியிலும் ஓவிய பீரியடை இரவல் வாங்காத கணக்கு வாத்தியார் இல்லை.

இதே தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், அமெரிக்கப் பாடத்திட்டப்படி ஏ.பி. என்கிற மேல்நிலை ஓவியப் பாடத்துக்குத் தயாராகும் குழந்தைகளும் உண்டு. எனக்கு உறவான பெண் ஒருத்தியின் தொகுப்பைப் பார்த்தேன். அங்கே விதி இன்னும் வெளிப்படையானது. ஐந்து தேர்ந்த படைப்புகள் தனியே. அதைத் தவிர, ஒரே கேள்வியைத் தொடர்ந்து துருவிய பதினைந்து படங்கள். முயன்று பார்த்ததும் திருத்தியதும் அந்தப் பதினைந்தில் தெரிய வேண்டும். இது நல்ல விதி. ஆனால் கேள்வியை எழுத்தில் வேறு சொல்ல வேண்டும். ஆபத்து அங்கேதான் நுழைகிறது. 'என் அடையாளம் எது?' என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். கண்ணாடியில் உடைந்த முகம், முகமூடி அணிந்த முகம், பாதி பாட்டியாகவும் பாதி தானாகவும் ஒரு முகம். பதினைந்தும் அந்த வாக்கியத்துக்கு வரைந்த விளக்கப் படங்கள். கேள்வி வார்த்தையில் பிறந்து வார்த்தையிலேயே பதிலும் பெற்றுவிட்டது. கைக்கு அங்கே வேலை இல்லை. தாம்பரத்துப் பையன் முடிந்த ஓவியத்திலிருந்து தொடக்கத்தை நகலெடுத்தான். இவள் முடிந்த கருத்திலிருந்து நகலெடுத்திருக்கிறாள். கட்டணம்தான் வித்தியாசம்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. மீனம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வருகிற ஒரு பையன், நண்பரின் வகுப்பில் இருந்தான். திரிசூலம் மலையைத் தினமும் ஜன்னல் வழியே பார்க்கிறான். கல் உடைத்து உடைத்து ஒரு பக்கமே காணாமல் போன மலை. பார்க்கக் கிடைப்பது ஓரிரு நிமிஷம். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் அதை வரைந்துகொண்டே வந்திருக்கிறான். முப்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். முதல் பக்கங்களில் மலை, மரம், மின்கம்பம், மேகம் எல்லாம் உண்டு. ரயில் ஆடியதில் கோடுகள் முறிந்திருக்கின்றன. போகப் போக ஒவ்வொன்றாக உதிர்கிறது. முதலில் மேகம் போயிற்று, பிறகு மரங்கள். பன்னிரண்டாம் பக்கம் வாக்கில் மலையின் புற எல்லையையே விட்டுவிட்டு, வெட்டுப்பட்ட முகத்தை மட்டும் வரைய ஆரம்பிக்கிறான். நடுவில் ஐந்தாறு பக்கம் ஒன்றும் சரியாக வரவில்லை, வெறும் கீறல். அதற்கப்புறம் செங்குத்தாக ஒரே கோடு. இடது பக்கம் இருப்பது மலை, வலது பக்கம் இருப்பது இல்லாமல் போன மலை. நோட்டின் அச்சிட்ட நீலக் கோடுகள் அந்த வெற்றிடத்தின் வழியாகப் போகின்றன. பையனுக்கு வயசு பதினேழு.

அந்த நோட்டு ஃபைலில் சேரவில்லை. "ரூல்டு நோட்ல, பேனாவுல போட்டிருக்கான் சார். ஏ-த்ரீ ஷீட்ல ஃபேரா போட்டுக் குடுடான்னு சொல்லிட்டேன்" என்றார் நண்பர். ஃபேர் காப்பியையும் காட்டினார். பச்சை மலை, பின்னால் சூரியன், முன்னால் ரயில். நான் வாதாடினேன். அவர் சொன்ன பதிலை இங்கே முழுசாகத் தந்துவிடுவதே நியாயம். "நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க. எக்ஸ்டர்னல் ஒரே நாள்ல அத்தனை ஃபைலையும் புரட்டணும். கிறுக்கலப் பாத்துட்டு ஆறு மார்க் போட்டான்னா அந்தப் பையனோட அப்பா என்னைத்தான் கேப்பாரு. டிசைன் காலேஜ் சீட்டுக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா சார்?"

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அவர் பையனைக் காப்பாற்றத்தான் நினைத்தார். பார்க்கத் தெரியாத கண்ணிடமிருந்து ஓவியத்தை மறைத்து வைப்பதுதான் இங்கே ஆசிரியரின் கடமை என்றாகியிருக்கிறது. அவரைவிட அந்தக் கண்தான் நம் விசாரணைக்கு உரியது.

நாம் பெருமையோடு பேசுகிற ஒரு சரித்திரத்தை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கியது 1963ல். அப்போது அவர் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர். அந்த வரிசைக்கு முதல் பொறி ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்திலிருந்து கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எண்கள், எழுத்துகள், ஜியோமிதி உருவங்கள், கட்டங்கள். யாரோ ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்த தாளில் பணிக்கர் ஒரு ஓவிய மொழியைக் கண்டார். 1966ல் அவரும் சக ஓவியர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை நிறுவினார்கள். தாம்பரத்திலிருந்து கிழக்கே கடலோரத்துக்குப் போனால் அந்தக் கிராமம். பள்ளிகள் பஸ் வைத்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகின்றன. அவர்களும் பணிக்கரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள். கோடு போட்ட நோட்டிலிருந்து பிறந்த ஓவியத்துக்கு மரியாதை செய்துவிட்டு வந்து, கோடு போட்ட நோட்டை ஃபைலில் சேர்க்க முடியாது என்கிறோம்.

சிற்றேட்டுக்காரர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. காந்தி நூற்றாண்டான 1969ல் ஆதிமூலம் காந்தியைத் தொடர் கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், மறுபடியும் மறுபடியும். அந்த வரிசையின் பலமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு என்ன கற்றுக்கொண்டது என்பதில்தான் இருக்கிறது. அவருடைய கோடு நம் ஏடுகளின் அட்டையிலும் பக்கங்களிலும் வந்தது. கவிதையில் ஒரு சொல் இடம் மாறியதைப் பற்றி நாலு பக்கம் சண்டை போட்ட நாம், அந்தக் கோட்டைப் பற்றி நாலு வரி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓவியம் நமக்குக் கவிதைக்கு நடுவே இடம் நிரப்புகிற அலங்காரமாகவே இருந்தது. அப்படிப்பட்ட வாசகனின் மகன்தான் இன்றைய எக்ஸ்டர்னல்.

ஒரு ஆட்சேபணை வரும். கிறுக்கலுக்கு மதிப்பெண் என்றால் நாளைக்கே கிறுக்கலையும் தயாரித்துவிடுவார்களே? செய்வார்கள். செயற்கைத் தயக்கம், வேண்டுமென்றே கொட்டிய மை, திட்டமிட்ட அடித்தல். டியூஷன் சென்டர்கள் இதற்கும் பயிற்சி தரும். ஆகவே கரடுமுரடாக இருப்பதே உண்மைக்கு அத்தாட்சி என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது வேறு. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் ஏதாவது தீர்மானமாகியிருக்கிறதா? எந்த இடத்தில் பையனுக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று? தெரியாததில் எத்தனை தாள் தாக்குப்பிடித்தான்? திரிசூலம் நோட்டில் பன்னிரண்டாம் பக்கத்தை விரல்வைத்துக் காட்ட முடியும், நடுவில் தோற்ற அந்த ஐந்தாறு பக்கங்களையும் காட்ட முடியும். அந்தத் தோல்வி இல்லாமல் கடைசிக் கோடு வந்திருக்காது. பாட்டி பாதி, பேத்தி பாதி முகத்தில் அப்படிக் காட்ட ஒரு இடமும் இல்லை.

இதே ரயில் பாதையில், பல்லாவரத்துச் சரளைக்கல் குழியில், 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அறிவுலகத்துக்குத் தெரியவந்தது அந்தக் கல்லால்தான். அந்த மாதிரிக் கல்லை ஆராய்கிறவர்கள் முடிந்த கோடரியோடு நின்றுவிடுவதில்லை. செதுக்கும்போது உதிர்ந்த சில்லுகளையும் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் அடித்தான், எங்கே கல் பிளந்து ஏமாற்றியது, எங்கே கையை மாற்றினான் என்பதெல்லாம் சில்லுகளில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத ஆதி மனிதனுக்கு நாம் காட்டுகிற இந்தக் கவனத்தை எதிரே உட்கார்ந்திருக்கும் பையனுக்குக் காட்டுவதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. தாள் ஒவ்வொன்றிலும் அன்றன்றைக்குத் தேதி போடட்டும். முதல் பருவம் முழுக்க வகுப்பில் ரப்பர் இருக்க வேண்டாம். எந்த நோட்டானாலும், கோடு போட்டதோ போடாததோ, ஃபைலோடு சேர்த்துக் கட்டட்டும். எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதிலே உனக்கு வராமல் போன பக்கம் எது, காட்டு." காட்டத் தெரிந்த பையனுக்குப் பத்துக்குப் பத்து போடலாம். விதி இதைத்தான் கேட்கிறது. அச்சாகியே இருக்கிறது. படித்துப் பார்த்தால் போதும்.