உறுமிக்கு ஊர் உண்டு: ‘கலா’ இசைத்தொகுப்பும் அதன் திறனாய்வும்

எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் இரண்டாம் இசைத்தொகுப்பான ‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் தலைசிறந்த இசைத்தொகுப்பாக அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அதனைத் தேர்ந்தெடுத்தது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இளமையின் ஒரு பகுதியைக் கழித்து, ஏதிலியாக இலண்டன் சேர்ந்த ஒருவரின் படைப்பு அது. ஆங்கிலத்தில் அதற்கு எழுந்த மதிப்புரைகள் ஏராளம். தமிழில் நாம் அறிந்தவரை மிகச்சில. ஆங்கில மதிப்புரைகள் எதனைக் கேட்டன, எதனைக் கேளாது விட்டன என்பதே ஈண்டு நம் வினா.

முதல் தொகுப்பான ‘அருளர்’ (2005) தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. இது தாயின் பெயரைத் தாங்குகிறது. 2006-இல் அமெரிக்க விசா கிடைக்காமையால், அங்கு நடைபெறவிருந்த ஒலிப்பதிவு தடைப்பட்டது. பின்னர் இந்தியா, திரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் பாடல்கள் உருப்பெற்றன. மதிப்புரையாளர்கள் இப்பயணத்தையே தம் மதிப்பீட்டின் அச்சாகக் கொண்டனர். ஏழை நாடுகளின் தெருவோசை அனைத்தும் ஒருங்கே வந்து மோதும் இசை என்பதே புகழுரைகளின் சாரம். புகழ்ச்சி உண்மையானதுதான். ஆயினும், எல்லா ஓசையையும் ஒரே இரைச்சலாகக் கேட்கும் செவிக்கு எந்த ஓசைக்கும் ஊர் இருப்பதில்லை.

முதற்பாடலான ‘பாம்பூ பாங்கா’வை எடுத்துக்கொள்வோம். ‘மாடர்ன் லவர்ஸ்’ குழுவின் ‘ரோட்ரன்னர்’ பாடலை நினைவூட்டும் அடிகளோடு அது தொடங்குகிறது. அமெரிக்க ராக் இசையில் தோய்ந்தவர்களுக்கு இதனை இனங்காண்பது எளிது. அதே பாடலுள், ‘தளபதி’ (1991) திரைப்படத்திற்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துணுக்கொன்றும் ஒலிக்கிறது. நண்பர் இருவர் ஊராரோடு கூடி ஆடும் பாடல் அது. நம் வீட்டுத் திருமணங்களில் அதனைக் கேளாதவர் யார்? நெடுஞ்சாலையில் தனியே விரையும் ஓர் அமெரிக்க இளைஞனின் களிப்பையும், தோழமையில் திளைக்கும் ஒரு தமிழ்க் கூட்டத்தின் களிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பதே இப்பாடலின் உள்ளமைப்பு. ஒரு பாதியை மட்டும் அறிந்தவர்க்கு மறுபாதி பின்னணி அழகாக நின்றுவிடுகிறது.

‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய இரண்டிலும் முதன்மைக் கருவி உறுமி. முன்னதில் ‘ஜெயம்’ (2003) படத்திற்கு ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாடலின் பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பப்படும் உறுமலே இக்கருவிக்குப் பெயர் தந்தது. காவல் தெய்வங்களின் திருவிழாவிலும் இறப்பு வீட்டிலும் ஒலிப்பது அது. மலேசியாவில் தோட்டப்புறக் கோயில்களில் வேரூன்றி, இன்று பத்துமலைத் தைப்பூசத்தில் இளைஞர் குழுக்களின் அடையாளமாய் விளங்குகிறது. சிங்கப்பூரிலோ தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் பல்லாண்டுகள் தடை இருந்தது. மேலைத் திறனாய்வாளர் ‘கலா’வில் இரைச்சல் எனப் பாராட்டியதும், இங்கு இரைச்சல் என விலக்கப்பட்டதும் ஏறத்தாழ ஒரே ஓசைதான்.

எதிர்ப்புரைகளும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் வரும் துப்பாக்கி ஒலி குறித்து நெடிய வாதம் எழுந்தது. அப்பாடல் 2008-இல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம்வரை சென்றது. ஏதிலியர்க்காகப் பேசும் உரிமை இவருக்கு உண்டா, இவ்வரசியல் மெய்யா வேடமா என்னும் ஐயம் 2010-இல் ‘நியூயார்க் டைம்ஸ் மேகசின்’ கட்டுரையில் உச்சத்தை எட்டியது. ‘அருளர்’ தொகுப்பின் ஆக்கத்தை ஆண் தயாரிப்பாளர் ஒருவர்க்கே உரியதாக எழுதும் போக்கினை 2007-இலேயே ‘பிட்ச்ஃபோர்க்’ நேர்காணலில் அவர் கடிந்துரைத்தார். இவ்வாதங்கள் யாவும் பாடுபவரின் மெய்ம்மை பற்றியன. மெய்ம்மையை அளக்க விரும்பியோர் இசைக்குள் இருந்த சான்றையே கேட்டிருக்கலாம். எந்தத் தாளத்தை எங்கிருந்து எடுத்தார், எடுத்து என்ன செய்தார் என்பவை விடை காணத்தக்க வினாக்கள்.

அவ்வினாக்களை நாம் எழுப்பினால் பாராட்டு மட்டுமே விடையாகாது. கோயில் முன்றிலில் உறுமி மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, அருள் வரும் தருணத்தை நோக்கி ஏறும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் அவ்வேற்றம் இல்லை. சிறுவர் கூவலும் கோழிக் கூச்சலும் அதன்மேல் அடுக்கப்படுகின்றன; தாளத்தின் வேகம் மட்டும் மாறுவதேயில்லை. நடன அரங்கிற்கு அது பொருந்தும். ஆனால், கருவியின் குரலை எடுத்துக்கொண்டு அதன் காலத்தை விட்டுவிட்டார் என்பதே நம் கருத்து. ‘பாய்ஸ்’ இவ்வகையில் மேலானது. திரினிடாடின் திருவிழா இசையோடு உறுமி சேருமிடத்தில், ஒரு கொண்டாட்டம் மற்றொன்றை அடையாளம் கண்டுகொள்கிறது.

இவ்வுறுமி தூய நாட்டார் மரபிலிருந்து நேரே வந்ததன்று என்பதையும் கருதவேண்டும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் அது திரைப்பாடல் வழியாகவே வந்திருக்கிறது. நம் உறுமி மேளக் குழுக்கள் திரைமெட்டுகளை வாசிப்பது முறையா என்று கடிந்துகொள்வோர் இதனைக் குறையாகக் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘கலா’வுக்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பும், ‘நிழல்கள்’ (1980) படத்தின் இளையராஜா பாடலொன்றைக் கொண்டே மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக்கு வழி திறந்தது. கோலாலம்பூரிலும் இலண்டனிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தமிழ் ஓசை திரைப்பாடலாகவே கைக்கு எட்டியது. இவ்விரு தொகுப்புகளையும் அருகருகே வைத்து ஆராய்வதற்குப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. ‘ஜெயம்’ பாடலையும் ‘பேர்ட் ஃப்ளூ’வையும் ஓர் உறுமிக் கலைஞரோடு அமர்ந்து கேட்டு, அவர் எவ்விடத்தில் தலையசைக்கிறார், எவ்விடத்தில் முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.