மரமும் நேரமும்: யாழ்ப்பாணத்துக் கள்ளை ரசிப்பது எப்படி?

காலை ஏழு மணிக்கு நீர்வேலியில் பருத்தித்துறை வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் இறங்குங்கள். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். இறைத்த தண்ணீர் செம்மண்ணில் ஊறி எழுப்பும் மணம். தோட்டம் முடிகிற இடத்தில் பனங்கூடல் தொடங்கும். அங்கே நின்று காது கொடுத்தால் தலைக்கு மேலே எங்கோ 'சரக், சரக்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது பாளையைச் சீவும் கத்தி. சற்று நேரத்தில் ஒருவர் இறங்கி வருவார். காலில் தளநார், இடுப்பில் கத்திக்கூடு, பக்கத்தில் தொங்கும் முட்டி. அந்த முட்டிக்குள் இருப்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

பயணம் போகிற ஊரில் நல்ல பியர் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் இப்போது அதிகம். பெங்களூரில் கடைக்குள்ளேயே பியர் காய்ச்சி, தொட்டியிலிருந்து நேரே கிளாசில் ஊற்றித் தரும் பார்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான்: செய்த இடத்திலேயே, செய்த கையோடு குடிப்பது. அந்த ஆசையோடு யாழ்ப்பாணம் வருபவருக்கு நான் சொல்வது இது. போத்தல் பியரைக் கொழும்பிலேயே குடித்துவிடலாம். இங்கே கள்ளைத் தேடுங்கள். இலங்கையின் லயன் பியருக்கு 1881இல் நுவரெலியாவின் குளிரில் தொடங்கிய வரலாறு உண்டு. அதற்கு வாற்கோதுமை வேண்டும், கொதிகலன் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருப்பு வேண்டும். கள்ளுக்கு ஒரு மரமும் அதில் ஏறத் தெரிந்த ஒருவரும் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் அருமையான வாய்ப்பு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே இருப்பதை நான் மறக்கவில்லை. வள்ளுவர் கண்டித்தது அறிவை இழக்கும் குடியை. அந்த எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொண்டே, பனையோலையில் மடித்த பிளா ஒன்றை ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்து ரசிக்கும் வழியைச் சொல்கிறேன்.

மரத்தின் மேல் என்ன நடக்கிறது?

இது தெரியாமல் குடித்தால் பாதிச் சுவை போய்விடும். பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். வடலியாக நிற்கும்போது எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பாளை விட்ட பிறகுதான் தெரியும். ஆண்பனையின் பாளை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். பெண்பனையின் பாளையில் குரும்பைகள் கோத்திருக்கும். சீவல் தொழிலாளி பாளையைக் கடிப்பு என்ற கருவியால் நசுக்கி, இறுகக் கட்டி, பல நாள் பக்குவப்படுத்துவார். பிறகு நுனியை மெல்லிய சீவலாகத் தினமும் சீவி விடுவார். நசுக்குவது கூடினால் பாளை வாடும், குறைந்தால் ஊறாது. அந்த அளவு கைப்பழக்கத்தில்தான் வரும்.

ஊறிச் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. அதுதான் கருப்பநீர், தமிழ்நாட்டார் சொல்லும் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். முட்டி மரத்தில் தொங்கும்போதே சாறு கள்ளாகிறது. யாரும் எதையும் சேர்ப்பதில்லை, கொதிக்க வைப்பதுமில்லை. ஒரு நாளைக்குள் மதுவின் அளவு ஏறக்குறைய சாதாரண பியரின் அளவான 5 சதவீதத்தைத் தொடும். அதற்கு மேல் வைத்திருந்தால் புளிப்பு ஏறி வினாகிரியை நோக்கிப் போகும்.

ஆகவே கள்ளு என்பது ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பானம். காலை எட்டு மணிக் கள்ளும் பதினொரு மணிக் கள்ளும் ஒன்றல்ல. இது புரிந்துவிட்டால், எந்தக் கடை நல்ல கடை என்று அலைய மாட்டீர்கள். எந்த மரம், எத்தனை மணி என்று கேட்பீர்கள்.

எப்போது, எங்கே?

பனங்கள்ளின் காலம் தை மாசியில் தொடங்கி ஆடி வரை. மற்ற மாதங்களில் வந்தால் தென்னங்கள்ளு கிடைக்கும். அது வெள்ளையாய், இதமாய் இருக்கும். பனங்கள்ளின் முரட்டு மணம் அதில் இராது. இரண்டையும் குடித்துப் பார்த்தால்தான் பனையின் குணம் தெளியும்.

மரம் காலையும் மாலையும் சீவப்படும். அதனால் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, போக நல்ல பொழுதுகள் இரண்டு: காலையில் இறக்கிய கள்ளு வந்து சேரும் முற்பகல், மாலைக் கள்ளு வரும் அந்தி. நடுப்பகல் வேண்டாம். ஒருமுறை உச்சி வெயிலில் ஒரு கடையில் நின்று, முந்தைய நாள் மிச்சத்தைக் குடித்து இரண்டு நாள் வயிற்றோடு போராடியிருக்கிறேன். போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் மதுக்கடை எதுவும் திறக்காது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம்.

'தவறணை' என்ற சொல் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் நம் வாயில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். பெரும்பாலும் தகரமோ ஓலையோ வேய்ந்த கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு பீப்பாய், அவ்வளவுதான். பெயர்ப்பலகையில் 'பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம்' என்றிருந்தால் தயங்காமல் உள்ளே போகலாம். முன்பு குத்தகைக்காரர் கையில் இருந்த விற்பனை, 1970களில் இந்தச் சங்கங்கள் வந்த பிறகு தொழிலாளரின் கைக்கு வந்தது. அங்கே கொடுக்கும் காசு ஏறியவரைப் போய்ச் சேரும். பெண்கள் தவறணையில் இருந்து குடிக்கும் வழக்கம் இங்கே இல்லை. அவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டுக்கு வாங்கிப் போய்க் குடிப்பது வசதி.

நீர்வேலியில் காலையைத் தொடங்கினால் அதே வீதியில் வடக்கே போகலாம். சிறுப்பிட்டி, புத்தூர், அச்சுவேலி தாண்டினால் வல்லைவெளி. இரு பக்கமும் கடல்நீரேரி, உப்புக்காற்று. அதற்கப்பால் வடமராட்சி. பருத்தித்துறைப் பக்கம் திக்கம் என்ற ஊர் அங்கிருக்கும் வடிசாலையாலேயே பெயர் பெற்றது. கள்ளை வடித்துப் பனஞ்சாராயம் எடுக்கும் இடம் அது. கள்ளோடு அதைக் கலந்து குடிக்க வேண்டாம். இரண்டின் சுவையும் கெடும். வண்டியை ஓட்டுகிறவர் எதையும் குடிக்க வேண்டாம்.

பிளாவைக் கையில் எடுத்தால்

போத்தலும் பிளாஸ்டிக் கோப்பையும் இப்போது எங்கும் வந்துவிட்டன. ஆனாலும் பிளாவில் தரச் சொல்லிக் கேளுங்கள். இளம் பனையோலையை விரித்து, இரு முனையையும் மடித்துச் சேர்த்துக் கட்டினால் தோணி போல ஒரு குழி விழும். இதைப் 'பிளா கோலுதல்' என்பார்கள். பழகிய கைக்கு அரை நிமிடம் போதும். ஓலையின் பச்சை மணம் கள்ளோடு கலந்து மூக்கில் ஏறுவது எந்தக் கிளாசிலும் கிடைக்காது.

ஊற்றும்போது பாருங்கள். பன்னாடையில் வடித்து ஊற்றுவார்கள். நன்னூலில் கடைமாணாக்கனுக்கு உவமையாக வருகிற நெய்யரி இதுதான். நல்லதை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் மாணாக்கனுக்கு அது இழுக்கு. கள்ளுக்கு அதுவே சிறப்பு. வடிகட்டியில் இரண்டு வண்டும் ஒரு தேனீயும் கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள். இனிப்பைத் தேடி மரத்துக்கே வந்தவை அவை.

முதலில் நிறம். நல்ல பனங்கள்ளு அரிசி கழுவிய தண்ணீரைப் போல மங்கலான வெள்ளை. கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அடுத்தது நுரை. புதுக் கள்ளில் நுரை பொடியாக எழுந்து மெல்ல அடங்கும். காதருகே பிடித்தால் 'சிர்ர்' என்று கேட்கும். நீர்வேலியில் எனக்கு ஊற்றித் தந்த பெரியவர், நான் உடனே வாயில் வைக்கப் போனதும் கையைப் பிடித்தார். "தம்பி, நுரை அடங்கட்டும். அவசரப்படாதேங்கோ." அன்றிலிருந்து நான் அவசரப்படுவதில்லை.

பிறகு மணம். புளித்த மாவின் வாசம் முன்னால் வரும், அதற்குப் பின்னால் பழுத்த பனம்பழத்தை நினைவூட்டும் ஓர் இனிப்பு. மூக்கைக் குத்தும் வினாகிரி வாசம் வந்தால் அதை வைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சுவை. ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். இனிப்பு முதலில் தெரியும், நடுவில் புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது மெல்லிய துவர்ப்பு. இந்த மூன்றும் ஒன்றையொன்று அமுக்காமல் வந்தால் அது நல்ல கள்ளு. இனிப்பு மட்டும் உதட்டில் பிசுபிசுத்து நின்றால் சீனி விழுந்திருக்கிறது. அதே மரத்தின் கள்ளை இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுக் குடித்துப் பாருங்கள். இனிப்புக் குறைந்து புளிப்பு மேலேறியிருக்கும். அந்த மாற்றத்தை நாக்கால் பிடிக்கத் தெரிந்தவர்தான் கள்ளை ரசிக்கத் தெரிந்தவர். இரண்டு பிளா போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும்.

சங்கங்கள் போத்தலில் அடைத்த கள்ளும் விற்கின்றன. வெளிநாட்டுக்கு எடுத்துப் போக அது வசதி. சூடாக்கிப் புளிப்பதை நிறுத்திய கள்ளு அது. மரத்தடிக் கள்ளை ஒருமுறை குடித்தவருக்கு அதில் உயிர் குறைவாகத்தான் தெரியும்.

கூடச் சாப்பிட

கள்ளின் புளிப்புக்கு உப்பும் உறைப்பும் துணை. பொரித்த கருவாடு, கணவாய்ப் பிரட்டல், அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய். எண்ணெய் மிதக்கும் இறைச்சிக்கறி வேண்டாம். கள்ளின் துவர்ப்பு அதில் அமுங்கிப்போகும். மாலையில் எங்காவது ஒடியல் கூழ் காய்ச்சினால் விடாதீர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டும் இறாலும் மீனும் போட்டுக் காய்ச்சுவது அது. அதையும் பிளாவில்தான் குடிப்பார்கள். ஒரே மரத்தின் ஓலையில் அதே மரத்தின் கிழங்கு.

குடிக்காதவர்களும் விலகி நிற்க வேண்டியதில்லை. காலையில் கருப்பநீர் கேளுங்கள். அதைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டியை ஓலைக் குட்டானில் வாங்குங்கள். கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவில் சுட்ட அப்பத்தைச் சாப்பிடுங்கள். கரையில் முறுகலும் நடுவில் பஞ்சும் வருவது அந்தக் கள்ளின் வேலைதான்.

மரியாதை

கள்ளை ரசிப்பதில் இதுவும் ஒரு பகுதி. பாளையைச் சீவிய மக்களைச் சாதியின் பெயரால் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் வெளியே நிறுத்தி வைத்த மண் இது. 1960களின் பிற்பகுதியில் அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. ஒடுக்கப்பட்டோர் பட்ட பாட்டைக் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினார். அவர்கள் இறக்கிய கள்ளை எல்லோரும் குடித்தார்கள். அவர்களோடு சரிசமமாக இருக்கத்தான் மறுத்தார்கள். ஆகவே வயதைப் பார்த்து 'அண்ணை' என்றோ 'ஐயா' என்றோ கூப்பிடுங்கள். விலையில் பேரம் வேண்டாம். ஏறும்போது கீழே நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் இறங்கிய பிறகு கேட்டு எடுங்கள். தளநார் அறுந்தால் உயிர் போகும் உயரம் அது.

போர்க்காலத்தில் காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். மிஞ்சியவற்றில் ஏறும் கைகளும் குறைந்து வருகின்றன. ஒரு தொழில் நிலைக்க அதன் அருமை தெரிந்த வாடிக்கையாளர் வேண்டும். அந்த வாடிக்கையாளராக நீங்கள் இருக்கலாம். புறப்படும் முன் அண்ணையிடம் நாளை எத்தனை மணிக்கு இறங்குவார் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குப் போய் மரத்தடியில் நில்லுங்கள்.