காண்போர் மெய்ப்பாடும் திரையரங்க ஓசையும்

தொல்காப்பியர் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டு என்பர். நடிப்போன் காட்டும் உணர்வு காண்போரைச் சென்றெய்துதலே மெய்ப்பாடு என்பது செயிற்றியனார் கொள்கை. இவ்வளவுகோலால் திரையரங்க ஓசையையும் ஆராய்தல் தகும்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் அவையோர் கூற்றுக்கு மறுமொழி தருவான். ஆரவாரம் அடங்குமளவும் காத்திருப்பான். திரைப்படம் காத்திராது.

எனினும், ஓசை அனைத்தும் குற்றம் என்றல் பொருந்தாது. கதைத்தலைவன் தோன்றுங்கால் எழும் சீழ்க்கை உவகையின் வெளிப்பாடே. அஃது அடுத்துவரும் உரையாடலை மறைக்குங்கால் பிறர் சுவைக்கு இடையூறாம். அவலக் காட்சியின்போது கேட்கும் கைப்பேசிப் பேச்சோ படத்தினின்று பிறந்ததன்று. அயலாரின் அழுகையைக் கெடுப்பது. முன்னது அளவிறந்த மெய்ப்பாடு; பின்னது மெய்ப்பாடே அன்று. இரண்டையும் ஒருசேரப் பழித்தல், சுவைஞரையும் சுவையற்றோரையும் ஒன்றெனக் கருதும் பிழையாம்.