வாள் வந்த வழி

பழைய வாள் சேகரிப்பவர்களுக்காகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது: அவர்கள் வாங்கி வைத்திராவிட்டால் தென் பிலிப்பைன்சின் மொரோ மக்களுடைய கிறிஸ், பறோங், கம்பிலான் வாள்கள் எல்லாம் துருவேறி மண்ணோடு போயிருக்கும். அதில் பாதி உண்மை. அவர்களுடைய கண் கூர்மையானது என்பதையும் மறுக்கமாட்டேன். மொரோ கிறிஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால், பிடியை அடுத்த அலகின் அகன்ற அடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே குறுக்காக ஓடும் மெல்லிய பொருத்துக்கோடு, அடிப்பகுதி தனித்துண்டாக அடித்துச் சேர்க்கப்பட்டதற்குச் சான்று. பிற்கால வாள்களில் எல்லாம் ஒரே இரும்பு. கோடு வெறும் கீறல். மொரோ வாள்கள் பற்றிய ரொபேர்ட் கேட்டோவின் 1996ஆம் ஆண்டு நூல் இத்தகைய அறிவை வளர்த்தது.

ஆனால் அந்த வாள் யாருடைய கையிலிருந்து, எப்படிப் போனது? இங்கே அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. 1906 மார்ச்சில் ஹோலோத் தீவின் புட் டாஜோ எரிமலை வாயில், பெண்கள் குழந்தைகள் உட்பட 600க்கு மேற்பட்ட மொரோக்களை அமெரிக்கப் படை கொன்றது. அந்தக் காலத்துப் போர்களிலிருந்து சிப்பாய்கள் நினைவுப்பொருளாகக் கொண்டுபோன அலகுகள் ஏராளம். அவற்றின் நீளத்தையும் வளைவுகளையும் கவனமாகக் குறிப்பவர்கள், கொண்டுபோனவன் யார், எந்த ஊரில் எடுத்தான் என்பதைக் கேட்பதே அபூர்வம்.

உருவம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு நம் இலங்கையின் கஸ்தானே வாளே போதும். பிடியில் சிங்கமுகம், கைக்காப்பில் சிறு யாளித்தலைகள். அலகிலோ ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இருப்பதுமுண்டு. இடுப்பில் கட்டியவர் கண்டி அதிகாரியா, வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்த முதலியாரா? வாளை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் பதில் வராது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த பொன், வெள்ளிக் கஸ்தானேகளின் வேலைப்பாட்டை ரசிக்க ஆள் குறைவில்லை. அவை 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்தவை என்று ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடி நிறுவிய பிறகுதான், கண்டிப் பிரபு லெவ்கே திசாவையின் பீரங்கியோடு சேர்த்து ஆறு பொருள்கள் 2023 டிசம்பரில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

காப்பாற்றினோம் என்ற பேச்சு எங்களுக்குச் சுடுகிறது. 2009இல் போருக்குத் தப்பி வன்னியிலிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வந்த சனங்கள் வீடுவாசலை, தலைமுறைச் சொத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். கேட்பாரற்றுக் கிடந்ததை ஒருவர் எடுத்துத் துடைத்து வைத்தால் பொருள் பிழைக்கும். அது ஏன் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதை மறைத்துவிட்டு வரும் பெருமையை என்னால் ஏற்கமுடியாது.

வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றான். அந்தக் களத்து வாள் ஒன்று இன்று எங்காவது கண்ணாடிப் பேழையில் இருந்தாலும், 'இலங்கை, 19ஆம் நூற்றாண்டு' என்ற சீட்டுக்குக் கீழேதான் இருக்கும். வன்னி என்ற பெயர் அதோடு ஒட்டியிருக்க வழியில்லை. ஆகவே சேகரிப்பவர்கள் தங்களிடமுள்ள பழைய கடிதத்தை, பெட்டிச் சீட்டை, விற்றவர் சொன்ன வரலாற்றை அளவுகளுக்கு முன்னால் அச்சிடட்டும். ஒன்றுமே இல்லையென்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதட்டும்.