வலது காலின் வேலை

பைக் வீலிங் பார்க்கும்போது முன்வீலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. எவ்வளவு உயரம் எழுந்தது, என்ன வேகம், எத்தனை சிசி என்றே அவர்கள் பேச்சு போகும். நான் பார்ப்பது வலது காலை. பிரேக் பெடல்மேல் பூட்ஸின் நுனி எப்படி உட்கார்ந்திருக்கிறது, அழுத்துகிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கணுக்கால் மட்டும் அசைந்தால் ஆள் தேறியவர். முழங்காலிலிருந்தே கால் இறங்கினால், இன்னும் பயத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறார்.

தூக்குவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். முதல் கியரில் மெதுவாகப் போய், கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி, சட்டென்று விட்டால் முன்வீல் எழுந்துவிடும். எழுந்தது பாதி உயரத்தில் நிற்க வேண்டுமானால் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். இன்ஜின் கத்தும், ரெவ் முடிந்துபோகும், பொத்தென்று முன்வீல் தரையில் விழும். ஃபோர்க் சீல் போய் எண்ணெய் ஒழுகுவது, ஹேண்டில் பேரிங் தளர்ந்து கடகடப்பது எல்லாம் இந்த ரகத்து வீலிங்கின் வரவுதான். வண்டியும் ஆளும் சேர்ந்த எடை, பின்டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் கதையே வேறு. அங்கே முறுக்கவே தேவையில்லை. ஆள் நடக்கிற வேகத்தில்கூட வண்டி நிமிர்ந்தபடி போகும். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை போனாலும் மல்லாந்து விழ வேண்டியதுதான். அந்த விரற்கடையைக் காப்பது பின்பிரேக். பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிற கை மாதிரி, அந்தக் கால் முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். பொங்கிய பிறகு மிதித்துப் பயனில்லை.

இந்தக் காலுக்காகவே நான் டிரையல்ஸ் பைக் வீரர் டகி லாம்ப்கினின் ரசிகன். 2016 செப்டம்பரில், ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயப் பாதை முழுவதையும், 60.7 கிலோமீட்டரையும், முன்வீலைக் கீழே விடாமல் ஒரே வீலிங்கில் சுற்றி வந்தார். ஆன நேரம் ஏறக்குறைய 1 மணி 35 நிமிடம். இதே சுற்றை பீட்டர் ஹிக்மன் 2023 பந்தயத்தில் 16 நிமிடம் 36 வினாடியில் முடித்திருக்கிறார். அந்தச் சாதனைக்குக் கைதட்டியவர்களில் நானும் உண்டு. ஆனாலும் இரண்டில் எதை மறுபடி பார்ப்பாய் என்று கேட்டால், மணிக்கு 38 கிலோமீட்டர் சொச்சத்தில் போனதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாதையை மனதில் ஓட்டிப் பார்த்தால் காரணம் புரியும். டக்ளஸ் ஊரில் புறப்பட்ட உடனே பிரே ஹில் இறக்கம். இறக்கத்தில் வண்டி தானாகவே வேகம் எடுக்கும். கால் பிரேக்கை விடவே முடியாது, விடாமல் அழுத்தினாலோ முன்வீல் இறங்கிவிடும். பாதியும் பாதியுமாக, இறக்கம் முடியும்வரை கணுக்காலை அப்படியே வைத்திருக்க வேண்டும். பல்லா பாலத்தில் பந்தய வண்டிகள் இரண்டு வீலும் காற்றில் பறக்கத் தாண்டும். ஏற்கெனவே ஒரு வீலில் நிற்பவருக்கு அந்த மேட்டில் பின்டயரின் பிடி ஒரு கணம் லேசாகும். அந்தக் கணத்தில் பிரேக் தொட்டாலும் தப்பு, தொடாவிட்டாலும் தப்பு. ராம்சி தாண்டினால் ஸ்நேஃபெல் மலை ஏற்றம். அங்கே எதிர்க்காற்று, நிமிர்ந்து நிற்கும் வண்டியின் அடிவயிற்றில் முழுசாக வந்து மோதும். மலையிறங்கி முடிக்கிற நேரத்தில், கால் மரத்துப்போயிருக்கும் கட்டத்தில், கவர்னர்ஸ் பிரிட்ஜின் கொண்டை ஊசி வளைவு. வேகம் குறையக் குறைய வீலிங் கடினமாகும். ஹேண்டிலைத் திருப்பி வளைய முடியாது. முன்வீல்தான் தரையில் இல்லையே. இடுப்பையும் முழங்காலையும் சாய்த்து, வேகத்தைக் காலால் அளந்து அளந்து கொடுத்துத்தான் திருப்ப வேண்டும்.

டிரையல்ஸ் ஓட்டுபவருக்குத்தான் இது வாய்க்கும். பாறைமேலும் ஓடைக்குள்ளும் கால் ஊன்றாமல் ஏறுகிறவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. கிளட்ச் விரலும் பிரேக்கும்தான் எல்லாம். லாம்ப்கின் 1997 முதல் 2003 வரை தொடர்ந்து ஏழு முறை வெளிக்கள உலகப் பட்டம் வென்றவர். உள்ளரங்கப் பட்டங்கள் ஐந்தையும் சேர்த்தால் பன்னிரண்டு. அப்பா மார்ட்டின் லாம்ப்கின் 1975-இல் முதல் உலக டிரையல்ஸ் சாம்பியன். அந்த அப்பா காலமானதும் 2016-லேயே, மகன் தீவைச் சுற்றுவதற்குச் சில மாதங்கள் முன்பு.

தூரம்தான் கணக்கென்றால் லாம்ப்கின் மற்றவர்களின் கால்தூசிக்கும் ஈடாகமாட்டார் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கர் டக் டொமோகோஸ் 1984-இல் டல்லடேகா ஓவல் தளத்தில் 145 மைல் ஓட்டினார். பெட்ரோல் தீர்ந்ததால்தான் வண்டி நின்றது. ஜப்பானின் யசுயுகி குடோ 1991-இல் ஒரு சோதனைத் தளத்தில் 331 கிலோமீட்டர் போனார், அதுவும் ஹோண்டாவின் சின்ன டிரையல்ஸ் வண்டியில். இருவரையும் கும்பிடுகிறேன். ஆனால் ஓவல் தளத்தில் அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். வேகக் கட்சிக்காரர்களுக்கு பாட்ரிக் ஃபுர்ஸ்டன்ஹாஃப் இருக்கிறார். 1999-இல் டர்போ வைத்த பிளாக்பேர்ட் பைக்கில் 307 கிலோமீட்டர் வேகத்தில் வீலிங் செய்தவர். நெஞ்சுத் துணிவு வேண்டும், மறுக்கவில்லை. என்றாலும் அந்த வேகத்தில் வீல்களின் சுழற்சியே வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ளும். நடை வேகத்தில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

நான் பிரேக்கின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒரு மெக்கானிக் அண்ணன். தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டி, லாரிகள் போவதை நிறுத்திவிட்ட ஒரு தார்ச்சாலை கிடந்தது. ஞாயிறு காலையில் அவருடைய ஆர்எக்ஸ் 100 அங்கே வரும். 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோ சொச்சம் எடை; இரண்டு பக்கமும் டிரம் பிரேக். இன்றைய பையன்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் டூ-ஸ்ட்ரோக் என்பதால் எவ்வளவு நேரம் நிமிர்த்தி ஓட்டினாலும் இன்ஜினுக்கு எண்ணெய் தட்டாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அடியில் கிடக்கும் ஆயில் பின்னால் ஓடி, பம்ப் காற்றை இழுத்து, இன்ஜின் பிடித்துக்கொள்வது உண்டு.

அண்ணன் முதலில் தூக்கவே விடமாட்டார். பின்பிரேக் ராடின் நட்டைத் திருகித் திருகி, பெடலில் சுண்டுவிரல் அளவு அசைவு போதும் என்று சரிசெய்வார். முன்வீல் ஒரு சாண் எழவேண்டும், உடனே பிரேக்கால் இறக்கவேண்டும். மறுபடியும் ஒரு சாண். வாரக்கணக்கில் இதுதான். ஆக்சிலேட்டரை விட்டு இறக்கினால் கெட்ட கோபம் வரும். "ஏலே, பிரேக்குல இருந்து காலை எடுத்த, ஸ்பானராலயே போட்டுருவேன் பாத்துக்க" என்பார். ஸ்பானர் கையில்தான் இருக்கும். அவர் ஓட்டும்போது பார்க்க வேண்டும். சைலன்சர் சத்தம் ஏறவே ஏறாது. ஒரே சீராகப் புறுபுறுத்துக்கொண்டு போகும். இறங்கும்போது கடைசி நொடியில் இம்மியளவு ஆக்சிலேட்டர் கொடுப்பார். நின்றுபோன முன்டயர் தார்மேல் பட்டு 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், ஃபோர்க் அமுங்குவதுகூடத் தெரியாது.

இப்போது ஃபோனில் பார்க்கும் வீலிங் எதிலும் இறக்கத்தையே காணோம். முன்வீல் உச்சிக்குப் போனதும் காட்சியை வெட்டி, பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். இறக்கத்தை வெட்டிய வீலிங்கை நான் பாதிக் கச்சேரியாகக்கூடச் சேர்ப்பதில்லை. அதுவும் ஜனங்கள் போகிற நெடுஞ்சாலையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். போலீஸ் பிடித்து வண்டியைப் பறிமுதல் செய்தால் எனக்கு ஒரு சொட்டு அனுதாபம் வராது. ‘வலிமை’ படத்தில் அஜித் வீலிங் செய்ததற்கு விசிலடித்தவர்கள் பலர். எனக்குப் பிடித்தது, அவர் விழுந்து எழுந்ததையும் மறைக்காமல் படக்குழு வெளியிட்டதுதான்.

வண்டிகளும் மாறிவிட்டன. பெரிய வண்டிகளில் முன்வீல் எழுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு எழலாம் என்று திரையில் தேர்ந்தெடுத்துவிட்டு, முறுக்கினால் போதும். சாலையில் இது உயிர்காக்கும் வசதி, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உதவியோடு ஓட்டிவிட்டு வீலிங் தெரியும் என்று சொல்கிறவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நம்மூரில் முறையாகக் கற்றுக்கொள்ள இடமும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் அருமையான பந்தயத் தளம் இருக்கிறது, அது சுற்றி ஓடுவதற்கு. மூடிய மைதானத்தில், கவசம் போட்டு, நின்று நிதானமாகக் காலைப் பழக்க ஒரு துண்டு தார்த்தரை போதும்; அதைக் கேட்டு யாரும் மனு போட்டதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே பள்ளிகள் நடக்கின்றன. லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, வாயெல்லாம் பல்லாக ஃபோன் செய்தார். வண்டியில் ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறார்களாம். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் அதுவே இன்ஜினை அடக்கி முன்வீலை இறக்கிவிடுமாம். மல்லாந்து விழுகிற பயமே இல்லையாம். ஆரம்பத்துக்கு நல்லதுதானே என்று வாதாடினார். ஆரம்பத்துக்கு என்றால் நல்லதுதான், ஒப்புக்கொண்டேன். சரி, உன் வலது கால் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் வண்டியின் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.