‘சூது கவ்வும்’ திரைப்படத்தில் நகையும் அதிகாரமும்: மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நலன் குமாரசாமி இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூது கவ்வும்’ ஆள்கடத்தலைத் தொழிலாகக் கொண்ட ஒரு சிறு கும்பலையும், அதனைத் துரத்தும் காவல் அதிகாரியையும், இவ்விருவருக்கும் மேலே நிற்கும் அரசியல் அதிகாரத்தையும் நகைச்சுவையாகக் காட்டும் படமாகும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்களைக் கொண்டு இப்படத்தின் சிரிப்பு யார்மீது, எதன்பொருட்டு எழுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கையூட்டு மட்டுமே ஊழல் என்னும் பொதுக்கருத்தை இப்படம் எவ்வாறு கேள்விக்குள்ளாக்குகிறது என்பதும், அக்கேள்வி எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், மடன், காவல்துறை, மோதல் கொலை, ஊழல்.

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவை நெடுங்காலம் கதையின் ஓரத்திலேயே இருந்தது. நாயகனின் கதை ஒருபுறமும் நகைச்சுவை நடிகரின் கதை மறுபுறமும் தனித்தனியே நடக்கும். குற்றக் கதைகளில் இப்பிரிவு இன்னும் கடுமையாக இருந்தது. கொலையும் காவலும் தோன்றும் காட்சியில் சிரிப்புக்கு இடமில்லை. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) முதலான படங்கள் இவ்வெல்லையை அழிக்கத் தொடங்கின. அவ்வரிசையில், குற்றத்தையும் நகையையும் ஒரே காட்சிக்குள் பிரிக்க இயலாதவாறு கலந்த படம் ‘சூது கவ்வும்’.

படத்தின் தலைப்பு பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலிருந்து பெறப்பட்டது. அக்காப்பியத்தில் அச்சொற்களைத் தொடர்ந்து, அறம் மீண்டும் வெல்லும் என்னும் உறுதி வருகிறது. படமோ முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டது. இந்த விடுபாட்டைப் படத்தின் முடிவோடு சேர்த்துப் பார்க்கும்போது, அது தற்செயலானதன்று என்பது தெளிவாகும்.

நகையின் நான்கு களங்கள்

தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். இவற்றுள் எள்ளலை விளக்கும் பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்துவார். சிரிப்பவனும் சிரிப்புக்கு ஆளாகலாம் என்னும் இக்கருத்து இப்படத்தை அணுகுவதற்கு இன்றியமையாதது.

படத்தின் முற்பகுதி இளமையையும் பேதைமையையும் களமாகக் கொள்கிறது. நடிகை நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு விரட்டப்பட்ட பகலவன், விடுதிக்கு வந்த விலையுயர்ந்த காரை ஆசைக்கு ஓட்டிப்பார்த்து வேலையிழந்த சேகர், அலுவலகத்துப் பெண் ஒருத்தியின் காதலை மறுத்ததால் எழுந்த சிக்கலில் வேலையிழந்த கேசவன் ஆகிய மூவரும் வறுமையால் குற்றவாளிகளானவர் அல்லர். பெரும் வன்மம் உடையவரும் அல்லர். நகரம் தங்களுக்கு இடம் தராத நிலையில், கிடைத்த இடத்தில் ஒதுங்கியவர்கள்.

இவர்களுக்குத் தலைவனாகும் தாஸ் (விஜய் சேதுபதி) மடனின் வடிவம். பிறர் சொன்னதையோ தான் கொண்டதையோ விடாது பற்றி நிற்றலை மடன் என்பர் உரையாளர். தாஸ் கடத்தலுக்கு விதிகள் வகுத்தவன். அதிகாரத்தில் இருப்போர்மீது கைவைக்கக்கூடாது. எளிதில் தரக்கூடிய தொகையையே கேட்க வேண்டும் என்பன அவற்றுள் சில. சட்டத்திற்குப் புறம்பான தொழிலில் சட்டநூல் ஒன்றை எழுதிக்கொண்டவன் அவன். அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் கற்பனைக் காதலி ஷாலுவும் இம்மடனின் மற்றொரு வெளிப்பாடே. பார்வையாளர் முதலில் இவனைக் கண்டு சிரிக்கின்றனர். கதை வளர வளர, படத்தில் விதிகளை மதிப்பவன் இவன் ஒருவனே என்பது புலனாகிறது. அவன் தன் முதல் விதியை மீறி அமைச்சரின் மகனைக் கடத்த இசையும்போதுதான் எல்லாம் குலைகின்றன.

கையூட்டு வாங்காத அமைச்சர்

அமைச்சர் ஞானோதயம் (எம்.எஸ். பாஸ்கர்) நேர்மையாளர். கையூட்டுக் கொடுக்க வந்த ஒப்பந்தக்காரரைச் சிக்கவைத்தவர். அவரைப் பழிவாங்கவே கடத்தல் திட்டம் உருவாகிறது. ஆனால் அவருடைய மகன் அருமைப் பிரகாசம் (கருணாகரன்) தந்தையிடம் பணம் பறிக்கத் தன்னைத் தானே கடத்திக்கொள்ள முன்பே திட்டமிட்டிருந்தான். கடத்துவோனும் கடத்தப்படுவோனும் பங்காளிகளாகும் இந்நிலையில், நேர்மை என்பது வீட்டுக்குள்ளேயே தோற்றுவிட்டதை எள்ளலோடு படம் காட்டுகிறது.

எனினும் படத்தின் கூர்மையான பார்வை வேறோரிடத்தில் உள்ளது. பணத்தைத் தொட மறுக்கும் அமைச்சரின் பொருட்டு இயக்கப்படும் காவல் அதிகாரி பிரம்மா (யோக் ஜேபி) சட்டத்தின் எந்த முறைக்கும் கட்டுப்படாதவர். பேச்சால் அன்றி அடியால் அறியப்படுபவர். அவர் பணம் பெறுவதாகப் படம் காட்டவில்லை. ஆயினும் காவலில் வைத்து வதைத்தலும், நீதிமன்றம் விடுவித்தவர்களைத் தனியிடத்திற்குக் கொண்டுசென்று கொல்ல முனைதலும் ஊழல் அல்லவா என்னும் வினாவைப் படம் எழுப்புகிறது. கையூட்டு வாங்காதவரின் கை, கொலைக்குத் துணைபோகும்போது அது தூய்மையான கையாகுமா? நேர்மையைப் பணத்தளவில் மட்டும் சுருக்கிக்கொண்ட ஒரு சமூகம், அதிகாரத்தின் வன்முறையைத் திறமையாக எண்ணத் தொடங்குகிறது என்பதே பிரம்மா என்னும் பாத்திரத்தின் பொருள். படைக்கும் கடவுளின் பெயர் அழிப்பவருக்கு இடப்பட்டிருப்பதும் எள்ளலின் பாற்படும்.

மோதல் கொலை என்னும் மரபு

இதன் முக்கியத்துவத்தை உணர, முந்தைய படங்களோடு ஒப்பிட வேண்டும். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘காக்க காக்க’, ‘சாமி’ ஆகிய இரண்டும் காவல் அதிகாரியை நாயகனாகக் கொண்டவை. முன்னதில் குற்றவாளிகளைச் சுட்டுக்கொல்லும் சிறப்புக் குழு வீரத்தின் அடையாளமாகிறது. பின்னதில் ரவுடியிடம் கையூட்டுப் பெறுவதுகூட நாயகனின் உத்தியாக ஏற்கப்படுகிறது. நீதிமன்றத்தைத் தாண்டிய தண்டனையைப் பார்வையாளர் கைதட்டி வரவேற்கும் வகையில் இப்படங்கள் அமைந்தன.

‘சூது கவ்வும்’ அதே காட்சியைத் தலைகீழாக்குகிறது. ஆளற்ற இடம், பிடிபட்ட குற்றவாளிகள், துப்பாக்கியோடு அதிகாரி என அனைத்தும் பழைய மரபின்படியே அமைகின்றன. ஆனால் துப்பாக்கி அதிகாரியின் பின்புறத்திலேயே வெடிக்கிறது. வீரக்காட்சி ஒரு நொடியில் எள்ளற்காட்சியாகிறது. கைதட்டத் தயாராக இருந்த பார்வையாளரின் கை, சிரிப்பில் நின்றுவிடுகிறது. பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலும் இங்கு ஒன்றுசேர்கின்றன: அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பவர், அத்தகைய அதிகாரிகளை முன்பு கொண்டாடிய தம்மையும் பார்த்தே சிரிக்கின்றனர்.

மோதல் கொலைகள் பற்றிய விசாரணைக்கென உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது 2014ஆம் ஆண்டில். படம் அதற்கு ஓராண்டு முற்பட்டது. சட்டம் பேசத் தொடங்கிய அக்காலத்தில் திரைப்படமும் தன் வழியில் இச்சிக்கலைத் தொட்டது குறிப்பிடத்தக்கது.

சிரிப்பின் எல்லை

இப்படத்தின் எள்ளல் குறைகளற்றது அன்று. பிரம்மாவின் தோல்வி தற்செயலால் நேர்கிறதே தவிர, சட்டத்தாலோ மக்களாலோ நேர்வதில்லை. ஒரு விபத்து நிகழாதிருந்தால் நால்வரும் மடிந்திருப்பர். அதனைக் கேட்க எவரும் இருந்திருக்க மாட்டார். நீதிமன்றக் காட்சியிலும் விடுதலைக்குக் காரணம் அருமைப் பிரகாசத்தின் பொய்ச்சாட்சியமே. ஆக, காவல்துறையின் வன்முறைக்கு மாற்றாகப் படம் முன்வைப்பது நல்லூழும் பொய்யும் மட்டுமே. தனிமனித எள்ளல் அமைப்பின்மீதான திறனாய்வாக முழுமையடையாமல் நிற்கிறது.

மேலும், இக்கதையுலகில் பெண்ணுக்கு இடம் மிகச் சிறிது. ஷாலு ஒருவனின் கற்பனை; கேசவனின் வாழ்வைக் குலைப்பவள் மற்றொருத்தி. ஆண்களின் பேதைமையை இரக்கத்தோடு நோக்கும் படம், அவ்விரக்கத்தைப் பெண்களுக்கு நீட்டவில்லை.

முடிவில் நேர்மையான தந்தைக்குத் தேர்தலில் வாய்ப்பு மறுக்கப்படுகிறது. தந்தையை ஏமாற்றிய மகன் அமைச்சராகிறான். தாஸ் மீண்டும் கடத்தலுக்கே திரும்புகிறான். குற்றத்தில் விதி வகுத்தவன் தெருவிலேயே நிற்க, விதியே இல்லாதவன் அரியணை ஏறுகிறான். பாரதியின் பிற்பாதி இங்கு வராமற்போனதன் காரணம் இதுவே.

முடிவுரை

‘சூது கவ்வும்’ பேதையரைக் கண்டு எழும் சிரிப்பில் தொடங்கி, அதிகாரத்தை நோக்கிய எள்ளலாக வளர்ந்து, இறுதியில் பார்வையாளரை நோக்கித் திரும்பும் நகையைக் கொண்டது. ஊழலைப் பணத்தோடு மட்டும் பிணைக்கும் எண்ணத்தை அது அசைத்துப் பார்க்கிறது. மோதல் கொலையின் வீரப்பொலிவை உரித்துக் காட்டுகிறது. அமைப்புக்கு மாற்றினைச் சொல்ல அது முயலவில்லை என்பது அதன் எல்லை. ஆயினும் அமைச்சராகும் மகனைக் கண்டும் அரங்கம் சிரிக்கிறது. அச்சிரிப்பில் கண்டனம் எவ்வளவு, இசைவு எவ்வளவு என்பதே இவ்வகைப் படங்களைத் திறனாய்வோர் தொடர்ந்து ஆராய வேண்டிய வினாவாகும்.